நடுங்காத நிலநடுக்கம்

தியாகராய நகர், சென்னை-17
ஐப்பசி, 1998

செல்லப் பேத்தி ஸ்வர்ணலதாவுக்கு ஆச்சி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். ஜப்பானில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்.

முதலில் பிள்ளைகள் சங்கதி. உன் தம்பி அஸ்வத் கிண்டியில் இன்ஜினீயரிங் சேர்ந்துவிட்டான். அடுத்த தெருக்காரர்களுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உன் சித்தப்பா மகள் முத்துலட்சுமிக்கு மந்தைவெளியில் பாங்கு வேலை. அவள் கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு டிராஃப்ட் நகராது. அவள் தம்பி குறள் ஒப்பித்துக் கோப்பை வாங்கினான். நடுவில் கொஞ்சம் முழுங்கினான், நடுவருக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் மேலே நீ. நம் வம்சத்தில் துணி அளந்தவர்கள் உண்டு, நிலம் அளந்தவர்களும் உண்டு. நிலம் நகர்வதை அளந்தவள் நீ ஒருத்திதான்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. கடலுக்கடியில் ஒரு பெரும் பாறைத் தட்டு உங்கள் கரைக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. மேலே இருக்கும் கரையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பிடி சட்டென்று விட்டால் வீடு விழும். நீ பார்த்தது வேறு. பிடி விட்டது, ஆனால் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில். டம்ளர் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. எப்போதும் உள்நாட்டுப் பக்கமே நகர்ந்துகொண்டிருந்த உங்கள் அளவுக் கம்பங்கள் மட்டும் திரும்பி, விரல் அகலம் கடல் பக்கம் வந்துவிட்டன. பாறை இடுக்கில் மாட்டிக்கொண்ட தண்ணீர் முட்டித் தள்ளுவதால் பிடி தளர்கிறதோ, ஆழத்துச் சூட்டினாலோ, இன்னும் நிச்சயமில்லை என்கிறாய். இங்கே வழுக்கினால் பக்கத்தில் இறுகிக் கிடக்கும் இடத்துக்குப் பாரம் கூடும், அதனால் விடாமல் பார்க்க வேண்டும் என்கிறாய். எனக்கு அது போதும்.

உங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர், மழையில் கம்பத்தின் அஸ்திவாரம் சாய்ந்திருக்கும் என்றாராம். அக்கம்பக்கத்துக் கம்பங்களெல்லாம் பேசிவைத்துக்கொண்டா ஒரே பக்கம் சாயும் என்று கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேட்டுவிடு.

இனி வீட்டு விஷயம். நிரூபிக்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று நீ எழுதியதை உன் அப்பா வெள்ளைத்துரையிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாருக்கும் தெரியாத பூகம்பத்துக்கு எவன்மா சம்பளம் குடுப்பான்? தையில கல்யாணம், டிக்கெட் போட்டாச்சுன்னு எழுதிரும்மா" என்றான். அஸ்வத், "கல்யாணத்தையும் மெதுவா நடத்துங்கப்பா, அக்காவுக்கே தெரியாது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மாப்பிள்ளை வீடு கோபாலபுரத்து நகைக்கடைக்காரர்கள். பையனை நான் குறை சொல்லவில்லை. போன வாரம் அவன் அம்மா போன் செய்தார். "தையோட அந்தப் படிப்ப மூட்டை கட்டிரணும் பாத்துக்கிடுங்க. அங்க அப்படி என்னத்தத்தான் பாக்குறா?" என்றார். நிலநடுக்கத்தைப் பார்க்கிறாள் என்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. 'நில' பஸ்ஸோடு போய்விட்டது, நடுக்கம் மட்டும் கோபாலபுரம் போய்ச் சேர்ந்தது. உனக்கு நடுக்க நோய், அதற்கு அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிறாய் என்று எடுத்துக்கொண்டார்.

"எத்தன நாளா?" என்று கேட்டார். மாசக்கணக்கா இருக்கு தாயி, வெளியில தெரியாது என்றேன். காரணம் என்ன என்றார். தண்ணியா சூடான்னு இன்னும் பிடிபடல என்றேன். "கையிலயா, கால்லயா?" என்றபோதுதான் எனக்கு விளங்கியது. திருத்தியிருக்கலாம். மூட்டை கட்டச் சொன்னது காதிலேயே நின்றது. ரெண்டும் இல்ல, ரொம்ப ஆழத்துல என்றேன். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலமே தரகர் வந்து, சம்பந்தம் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா அழுதாள். உன் அப்பா, "பேரக் கெடுத்துட்டியேம்மா, இனி எவன் வருவான்?" என்று கத்தினான். நேரா வந்து என்ன நடுக்கம்னு கேக்குறவன் வருவான் என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யா, நீயே சொல். உன் அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுத்தான் வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளி, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னான்.

பேச்சு பாண்டி பஜார் வரைக்கும் பரவிவிட்டது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான் முன் வரிசையில் போய் உட்காருகிறேன். ஒருவரையும் திருத்தப் போவதில்லை. நிரூபித்துவிட்டு நீ வந்து திருத்து. இந்த ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு. அதற்கு மேல் இந்த வயதில் வாக்குக் கொடுக்க முடியாது. அழுதுகொண்டு பாதியில் மட்டும் வராதே.

நன்றாக இரு. ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பட்டுச்சேலை வேண்டாம். மழைக்கோட்டும் பூட்ஸுமாக உன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நில். பெரிதாகப் போடச் சொல், சின்னது இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதில்லை. சீக்கிரம் அனுப்பு.

உன் ஆச்சி,
செல்லக்கனி