அப்பாவின் பதக்கம்

அன்புள்ள மகனுக்கு,

நலம். நெப்ராஸ்கா மாநில அரசிடமிருந்து வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது, "அதெல்லாம் ஏமாத்து வேலைம்மா, கிழிச்சுப் போடு" என்றாய். நான் எதைச் சொன்னாலும் பாதியிலேயே போனை வைத்துவிடுகிற நீ, கிழித்தாயிற்றா என்று மறுநாளும் கூப்பிட்டுக் கேட்டாய். அதனால்தான் கிழிக்கவில்லை.

நேற்று காரை எடுத்துக்கொண்டு தலைநகர் லிங்கனுக்குப் போனேன். கடிதம் உண்மைதான். மூடிப்போன வங்கியின் லாக்கரில் உன் அப்பா வைத்திருந்த வியட்நாம் போர்ப் பதக்கத்தை, உரியவர் யாரும் வராததால் அரசு எடுத்துப் பாதுகாத்து வந்திருக்கிறது.

அலுவலகத்தில் டோரீன் என்ற பெண் என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நீங்க செத்துப்போயிட்டதா சொல்லி, வாரிசுன்னு ஒருத்தர் போன மாசமே இதைக் கேட்டிருக்காரு."

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு பேரைச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. எனக்கு ஒரே பிள்ளைதான்."

பதக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். நவம்பரில் நன்றி நவிலும் நாள் வான்கோழி விருந்துக்கு வருவதானால் மணியை அடி. உயிரோடுதான் இருக்கிறேன், நானே வந்து திறப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா