நீ அனுப்பிய முட்டிப் பவுடர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. சௌக்கியம் என்று எழுதிப் பழகிய கை இன்றைக்கு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது, ஆனாலும் நான் சௌக்கியம்தான். உன் மனைவியும் அப்படித்தான் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். கடைசியில் ஒன்று கேட்பேன், ஒளிக்காமல் பதில் போடு.

அம்மா அப்பாவைக் கொல்லப் பார்த்தாள் என்று உன் அத்தை இதற்குள் போனில் ஒப்பாரி வைத்திருப்பாள். அதில் பாதி நிஜம். முட்டி வலிக்கென்று நீ அனுப்பிய கொலாஜன் பவுடரை மூட்டு டாக்டரம்மாவிடம் காட்டினேன். சாப்பிட்டா கெடுதல் இல்லம்மா, சிலருக்கு வலி கொஞ்சம் கொறையுது, ஆனா தேஞ்ச சவ்வை இது திரும்ப வளக்காது, தொடைக்குப் பலம் வந்தாத்தான் முட்டி நிக்கும் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் பை கட்டி, காலை நேரே நீட்டிப் பத்து எண்ணச் சொன்னாள். யூனிபாரம் தைத்து மிஞ்சிய காக்கித் துணியில் நானே பை தைத்துக்கொண்டேன். மூன்று மாதம் பவுடரும் குடித்தேன், காலையும் நீட்டினேன், எது வேலை செய்ததோ, இப்போது மாடிப்படி ஏறுகிறேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வலது முட்டியில பழைய முறிவு இருக்கே, எப்ப விழுந்தீங்க என்றும் கேட்டாள். தையல் மிஷின் மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சது என்றேன், ஊருக்கெல்லாம் சொன்ன அதே பொய். ஒடைஞ்சது வேற, தேஞ்சது வேற என்று அவள் முணுமுணுத்தாள்.

உனக்குத் தெரியாததா? நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. லாரி சாவியைக் காணோம் என்று உன் அப்பா என் முட்டியில் பூட்ஸ் காலால் உதைத்தார், மளுக்கென்று எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. நீ கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாய்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் சமையலறையில் காலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு மாவு தின்னு குதிரையாட்டம் காலை ஆட்டுறியாடி என்று உன் அப்பா பவுடர் டப்பாவை எடுத்து என் முகத்தில் எறிந்தார். புருவம் கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம், ஆறு தையல், அதையும் கோணலாகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் வழக்கம்போல உதைக்கக் காலை ஓங்கினார். நான் எட்டு எண்ணியிருந்தேன், காலை மடக்கவில்லை, மணல் பையோடு வீசினேன். அவர் ஊன்றி நின்ற காலில் பட்டது, அவர் சாய்ந்து, அடுப்பு மேடை விளிம்பில் வாய் மோதி, இரண்டு பல் தெறித்தது, தோள் எலும்பு முறிந்தது. பவுடரும் ரத்தமும் குழைந்து தரையெல்லாம் சேறு. அதோடு விட்டேன் என்று எழுத ஆசைதான், விடவில்லையப்பா, விழுந்து கிடந்தவர் விலாவில் இன்னொன்றும் கொடுத்தேன். பிறகு ஆம்புலன்சுக்கு நானே போன் செய்தேன், போலீசிலும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இப்போது அவர் உன் அத்தை வீட்டில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறார்.

இனி என் கேள்வி. போன மாதம் உன் மனைவி பேசினாள். மணிக்கட்டு வீங்கியிருக்கு அத்தை, கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டித் தேஞ்சிடுச்சாம், அவரு எனக்கும் அந்தப் பவுடர் வாங்கிக் குடுத்திருக்காரு என்றாள். இருபத்தேழு வயசில் என்னடா தேய்மானம்? அது நான் முப்பது வருஷம் சொன்ன பொய், வேறொரு வாயில் கேட்டால் தெரியாதா? அவள் கையை நீ முறுக்கினாயா? தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். நீ யாரைப் போல என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நேற்று அவளிடம் பேசினேன். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். எப்போது வேண்டுமானாலும் கிளம்பி வா, அவன் அறை உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். அவளைத் தடுக்காதே, அவள் பாஸ்போர்ட்டைத் தொடாதே.

நீ நன்றாக இரு, நீ என் வயிற்றில் பிறந்தவன். அவள் உன்னைவிட நன்றாக இருக்க வேண்டும். எனக்கு இனிமேல் பவுடர் அனுப்பாதே. விமானப் படி ஏறி அங்கேயும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள், மணல் பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா