மூன்றும் இல்லாத நாள்

கல்முனை,
14.03.1982, ஞாயிறு.

அன்பு மகள் றாஹிலாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் அருளால் சுகமாக இருக்கிறேன். குவைத்தில் மருமகனும் பேரப்பிள்ளைகளும் தடிமன், காய்ச்சலின்றி இருக்க துஆ செய்கிறேன்.

11.01.1982 திகதியிட்ட உன் கடிதம் 23ஆம் திகதி கிடைத்தது. அறுபத்தாறு வயதில் வாப்பாவுக்கு இன்னொரு நிக்காஹ் எதற்கு, ஊர் சிரிக்காதா என்று கேட்டிருந்தாய். வீடு, நேரத்துக்குச் சோறு, தவறாத மருந்து ஆகிய மூன்றையும் கூட்டினால் வயதானவர்களின் மகிழ்ச்சி வந்துவிடும் என்றும் எழுதியிருந்தாய். கணக்கு வாத்தியாரின் மகள் அல்லவா! உன் சூத்திரத்தைச் சோதிக்காமல் பதில் எழுதுவது முறையல்ல என்று கருதினேன்.

ஜனவரி 24 முதல் மார்ச் 4 வரை நாற்பது நாட்கள், மஃரிப் தொழுகைக்குப் பின் கொப்பியில் குறித்து வந்தேன். முப்பத்தொன்பது நாட்கள் மூன்றும் குறைவின்றி இருந்தன. பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா ஒரு நாளும் சோற்றைப் பிந்திக் கொண்டுவரவில்லை. ஆயினும் அந்நாட்களில் ஒன்றுக்கேனும் எதிரே மகிழ்ச்சி என்று எழுத என் பேனை இணங்கவில்லை.

எஞ்சியது பெப்ரவரி 6, சனி. நற்பிட்டிமுனையில் அச்சிமுகம்மது பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அவருடைய விதவைத் தங்கை முனவ்வறாவைத்தான் எனக்குப் பேசியிருக்கிறார்கள் என்பது நீ அறிந்ததே. வழியில் ஒதுங்க இடமின்றி மழையில் நனைந்தேன். மாத்திரையை மறந்து போயிருந்தேன். சோறோ நேரம் பிந்தி வந்தது, அதுவும் குழைந்து களியாகியிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து முனவ்வறா, மாஸ்டர் சிவப்புப் பேனை கொண்டு வரல்லியா, இந்தச் சோத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டார். பத்துக்கு இரண்டு என்றேன். அந்த ரெண்டும் உப்புக்கா, இல்ல எனக்குப் பயந்தா என்றார். உன் உம்மா மௌத்தாகி ஆறு வருடமும் இரண்டு மாதமும் கழித்து, அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆகவே உன் சூத்திரம் பிழை. மாற்றுச் சூத்திரம் கேட்காதே, என்னிடம் இல்லை. ஒரு நாளை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் ஒரு விதியைத் தள்ள ஒரு நாள் போதும்.

நிக்காஹ் ஏப்ரல் 2, வெள்ளி, அஸர் தொழுகைக்குப் பின். இத்திகதி மாறாது. நம் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? ஒரு ட்ரங்குப் பெட்டியுடன் போகிறேன். உனக்குச் சீதனமாகத் தந்த வீட்டை வெள்ளையடித்துப் பூட்டி, திறப்பைக் கைருன்னிஸாவிடம் ஒப்படைப்பேன். உம்மாவின் தையல் மெசின் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஊர் சிரிக்கட்டும். நீ லீவில் வரும்போது, அந்தத் திறப்பை வாங்குமுன் நற்பிட்டிமுனைக்கு ஒருமுறை வா, மகள். சோறு குழைந்திருக்கலாம். புள்ளி போடாமல் சாப்பிடு.

ஐவேளையும் உனக்காகக் கையேந்தும் வாப்பா,
மு. மீராமுகைதீன்