ஓட்டையில்லாத பாத்ரூம்

அன்பு மகள் ஆன்சிக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் அப்பாவும் நானும் வண்டியூரில் சுகம், நீயும் வயிற்றுப் பிள்ளையும் பெனடிக்ட் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் பேசலாமே என்பாய், நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை காதில் விழுகிற சங்கதியா இது. போன ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னாய், “பிரசவத்துக்கு வாங்கம்மா, ஆனா கக்கூசுல பேப்பர் பழகிட்டு வாங்க, போன தடவை மாதிரி மானத்த வாங்கிராதீங்க” என்றாய். பக்கத்தில் மாப்பிள்ளை சிரித்ததும் எனக்குக் கேட்டது.

நான் என்ன செய்துவிட்டேன். சனிக்கிழமை பாத்ரூம் கழுவாமல் ஞாயிறு பூசைக்குப் போனதே கிடையாது, அங்கேயும் அதைத்தான் செய்தேன். வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துத் தள்ளிக்கொண்டே போகிறேன், தண்ணீர் போகத் தரையில் ஓட்டையே இல்லை. ஜெர்மனிக்காரன் ஊருக்கெல்லாம் கார் செய்து விற்கிறானாம், பாத்ரூமுக்கு ஒரு ஓட்டை போடத் துப்பில்லை. கீழ்வீட்டுக்காரி கூரை ஒழுகுகிறது என்று ஏறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். காகிதத்தில் துடைத்துவிட்டுக் கால்சட்டையை ஏற்றிக்கொள்கிறவள் என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறாள். நீ அவள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, “இது வண்டியூர் இல்லம்மா, கொஞ்சம் நாகரிகமா இருங்க” என்றாய். எது நாகரிகம்? வழியில் இறங்கிய அரபு நாட்டு ஏர்போர்ட் கக்கூசில்கூடக் கழுவிக்கொள்ளச் சுவரோரம் குழாய் தொங்கியது. உங்கள் ஊர் ஏர்போர்ட் கக்கூசில் உட்கார்ந்து லேசாக அசைந்தாலே தானாகத் தண்ணீர் பீய்ச்சுகிறது, வேண்டிய இடத்துக்கு மட்டும் ஒரு சொட்டு வராது. அந்தக் கண்றாவிக்குப் பயந்தே அப்பா அங்கிருந்த நாளெல்லாம் அரை வயிறு சாப்பிட்டார், உன்னிடம் பசியில்லை என்றார்.

இந்தத் தடவை அப்பா வரவில்லை. “அந்த ஊரு கக்கூசுக்கு ஒரு கும்புடு, நீ மட்டும் போயிட்டு வா” என்கிறார். எனக்கும் அலுப்புதான், ஆனால் ஒன்று யோசித்தாயா ஆன்சி. உன்னைப் பெற்றபோது எனக்குத் தையல் போட்டிருந்தது. வெதுவெதுவென்று தண்ணீர் பட்டால்தான் உயிர் திரும்பி வரும். அந்த இடத்தைக் காகிதம் வைத்துத் துடைப்பாயா, இம்புட்டுப் படித்தாயே, நீயே சொல். இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் வருகிறேன். கப்பலூரில் உன் தம்பி ஆன்றோ வேலை பார்க்கிற பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்து தண்ணீர் மொள்ளுகிற பெரிய கப்பு ஒன்று கொண்டுவந்தான், பெட்டியில் முதலில் வைத்தது அதைத்தான். மாப்பிள்ளையிடம் சொல்லி உங்கள் குளிக்கிற தொட்டிக்குள் ஒரு முக்காலி போட்டு வை, அந்தத் தொட்டிக்காவது ஓட்டை இருக்கிறது. உன்னை அதில் உட்காரவைத்து ஊற்றுகிறேன், கீழ்வீட்டு மகாராணி தலையில் ஒரு சொட்டு விழாது. பேப்பர் நான் பழகப்போவதில்லை. பிள்ளை பிறந்த மறுநாள் நீயே அம்மா தண்ணி என்று கூப்பிடுவாய், அப்போது நான் எதையும் சொல்லிக்காட்டாமல் வந்து ஊற்றுவேன்.

சத்து மாத்திரையை மறக்காதே. மாதா உன்னையும் பிள்ளையையும் வேறு வேறாக்கி நல்லபடியாக என் கையில் தரட்டும்.

கப்போடு வரும் உன் அம்மா,
அற்புதமேரி