முன்மொழிந்தவர் சந்திரம்மா

அன்பு மகள் ஷாரோனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்தில் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நான் சுகம், அம்மாவும் சுகம் என்று எழுத வேண்டும், ஆனால் அம்மா இப்போது நம் வீட்டில் இல்லை, புதுப்பட்டினத்தில் உன் சித்தி வீட்டில் இருக்கிறாள். ஜனவரியிலிருந்து நீ எங்கள் இரண்டு பேர் போனையும் எடுப்பதில்லை, அதனால்தான் தபால். கிழித்துப் போடாமல் முழுதும் படி.

நீ அங்கிருந்தபடியே தகவல் உரிமை மனு போட்டு ஊராட்சித் தீர்மான நகலை வாங்கியதும், அதைத் தாமோதரனுக்கு அனுப்பியதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவன் அப்பா கருப்பன் செத்த அன்றைக்கு நடந்ததை அவன் உனக்குச் சொல்லியிருப்பான். சுடுகாட்டுப் பாதையை ரிசார்ட்காரர்கள் மதிலுக்குள் வளைத்துக் கேட் போட்ட பிறகு நம் காலனியில் விழுந்த முதல் சாவு அது. டிசம்பர் மழையில் பாடையோடு கேட்டுக்கு வந்து நின்றார்கள். வாட்ச்மேன் நாற்காலியில் நான். கருப்பன் பெண்சாதி வேண்டா, மற்றப் பெண்களைப் போலத் தெருமுனையோடு நின்றுவிடாமல் கேட் வரைக்கும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்த, ஒரே ஒரு தபா தொறந்து வுடு, உள்ள ஒரு பூ கூட வுழாம தூக்கினு பூடுவாங்க" என்று கெஞ்சினாள். சாவி என்னிடம் இல்லை, மேனேஜர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர்கள் ஈசிஆர் ரோட்டில் ஏறி மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள், லாரி வாரி அடித்த சேறு கருப்பன் முகத்தில் விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

குடியரசு தினத்துக் கிராம சபையில் தாமோதரன் எழுந்து செல்போனைப் பார்த்து வாசித்தான். மேற்படி பாதை பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லை, தனியார் மதில் கட்ட ஆட்சேபணை இல்லை, ஏகமனதாக நிறைவேறியது. அதோடு நிறுத்திவிட்டு, முன்மொழிந்தவர் வார்டு உறுப்பினர் சந்திரம்மா என்றான். தலைவர் நரசிம்மன் சிரித்துக்கொண்டே, "உங்க காலனி மெம்பரே மொழிஞ்சு கீது, என்னக் கேட்டா நான் இன்னா சொல்றது" என்றார். வேண்டா எழுந்து வந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி உன் அம்மா தலைமேல் தூற்றினாள். "புருசனுக்கு ஒரு வேல வாங்கறதுக்கு எங்க பொணம் போற வழிய வித்துட்டியேடி, உன் பொணம் நாறிக்கினு கெடக்கும், தூக்க ஒரு ஆளு வரமாட்டான்" என்றாள். அம்மா மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. மூன்று முறை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்தே இருந்தேன்.

ஷாரோன், அந்தத் தீர்மானத்தில் இருக்கும் கையெழுத்து அம்மாவுடையது இல்லை. கூட்டமே நடக்கவில்லை. தலைவர் தீர்மானப் புத்தகத்தை ஆளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கை கழுவிவிட்டு வந்து போட்டேன். நான்கு வருஷமாக அவளுக்காக நான்தானே போடுகிறேன், "நீ போட்டா ஒரு பக்கம் பத்தாது" என்று அவளைக் கேலி பேசுவேன், அவளும் சிரிப்பாள். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதலாம். படித்துத்தான் போட்டேன். மறு வாரமே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு குழாயடியில் அவள் குடத்தை உதைத்துத் தள்ளினார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்து போனார்கள், நானும் ஆண்கள் பக்கம் இருந்து பார்த்தேன். மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு துணியை மூட்டை கட்டிக்கொண்டு, "நான் சொன்னா புருசன் மேல பழியப் போட்டு தப்பிச்சிக்கிறாள்னு பேசுவாங்க. நீ போட்ட கையெழுத்து, நீயே கூட்டத்துல எந்திரிச்சு சொல்லு, அன்னிக்கு வூட்டுக்கு வரேன்" என்றாள். மார்ச்சு மாதக் கிராம சபை அன்றைக்கு எனக்கு லீவு. இன்னொருவனிடம் கேட்டு டூட்டியை மாற்றிக்கொண்டு கேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் அவளைத்தான் சந்தேகப்பட்டாய் என்பதுதான் அவளுக்கு மண்ணை விடப் பெரிய அடி. அவளுக்குப் போன் போட்டுப் பேசு, முதலில் நீயே பேசு. குளிரில் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையிடம் கோபத்தைக் காட்டாதே. கர்த்தர் உன்னையும் உன் வயிற்றில் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே மகளே. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துத் தாமோதரனுக்கு அனுப்பிவிடாதே. எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, இந்த வேலை போனால் இன்னொருவன் கூப்பிட மாட்டான். அம்மாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

என்றும் உன் நன்மையையே நினைக்கும் அப்பா,
ஏசுபாதம்