ஆறாவது வாக்கியம்

ஜூன் 3

அன்புள்ள தையல்காரிக்கு,

நலம். நீயும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். விசாவுக்கான இங்கிலீஷ் பரீட்சையில் நீ பாஸ் செய்தால்தான் நாம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த முடியும். போனில் பாடம் எடுத்தால் சிரித்தே பொழுதைப் போக்குகிறாய், அதனால் எழுதுகிறேன்.

எதிர்காலம் நான்கு வகை. சமைப்பேன், 'ஐ வில் குக்'. அந்நேரம் சமைத்துக்கொண்டிருப்பேன், 'ஐ வில் பி குக்கிங்'. அதற்குள் சமைத்து முடித்திருப்பேன், 'ஐ வில் ஹேவ் குக்ட்'. அதுவரை விடாமல் சமைத்துக்கொண்டே இருந்திருப்பேன், 'ஐ வில் ஹேவ் பீன் குக்கிங்'. ஆறு வாக்கியம் எழுதி அனுப்பு. சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.

உன் வாத்தியார்

ஜூன் 11

கிடங்கில் பெட்டி ஏற்றும் வாத்தியாருக்கு வணக்கம்,

உங்களுக்குச் சமையல்தான் கிடைத்ததா? நான் 'ஸ்டிச்' என்று மாற்றிக்கொண்டேன். ஐந்து வாக்கியத்திலும் தைத்துத் தள்ளியிருக்கிறேன். ஆறாவது வேறு: 'டாக்டர் வில் ஆபரேட் மை மதர்ஸ் ஐ ஆன் ட்வென்டி எய்ட்த்.' பார்த்துப் பதில் போடுங்கள்.

உங்கள் மக்கு மாணவி

ஜூன் 19

அன்புள்ள தையல்காரிக்கு,

சபாஷ்! நூற்றுக்குத் தொண்ணூறு. ஆறாவதில் 'ஆபரேட்' பக்கத்தில் ஒரு 'ஆன்' விட்டுப்போயிருக்கிறது, வட்டம் போட்டிருக்கிறேன். அதையே 'வில் ஹேவ்' வைத்து மாற்றி எழுது.

உன் வாத்தியார்

ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

ஆறாவது பயிற்சி இல்லை, செய்தி. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதினேன். இங்கிலீஷில் சொன்னால் சந்தோஷப்படுவீர்கள் என்றும் நினைத்தேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டுப் பிரித்ததும் அம்மா, "ஏண்டி இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்று கேட்டாள். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து உங்கள் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்படி ஒரு கோபம்.

பரீட்சையில் பாஸ். ஆனால் இப்போதைக்கு எனக்கு டிக்கெட் போட வேண்டாம். அங்கே வந்து புருஷனோடு வாழத்தான் ஆசை. வாத்தியாரோடு என்னால் முடியாது.

உங்கள் மனைவி

ஜூலை 14

அன்பே,

அத்தைக்குச் சுவர்க் காலண்டர் தெரிகிறதா? மருந்து யார் விடுகிறார்கள்? அன்றைக்கு நீ ஏதாவது சாப்பிட்டாயா? தையல் வேலை எல்லாம் தேங்கிவிட்டதா? எனக்கு இதெல்லாம் தெரியவில்லை என்பதே வெட்கமாக இருக்கிறது.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "எதுக்கு?" என்றார். "மாமியாருக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடணும் சார்" என்றேன். கிடங்கே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், லீவு கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அங்கிருந்து திரும்ப டிக்கெட் போடவில்லை. ஒன்றா, இரண்டா என்று நீதான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நான் கேட்க மாட்டேன்.

உன் புருஷன்