வாரிசில்லாத வீட்டு ஓட்டு

ஜூலை 4, வெள்ளி

காலையில் தூறல். அப்புறம் வழக்கம்போல வெயில். துவைத்த துணியை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை போட்டேன்.

வாங்க: புளி, சோப்பு, தீப்பெட்டி. கேஸ் புக் பண்ண.

ரம்யா மறுபடி போன். என் பிள்ளை சரவணன் ஆபீசில் கூட வேலை பார்த்த பெண். ஈரோட்டுப் பக்கம். இப்போது பூந்தமல்லியில் ஃப்ளாட். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தார்களாம். பழைய காலத்து ராஜாக்கள் கேம். கடைசியாகச் செய்தது முழுக்க என் பிள்ளையின் லேப்டாப்பில்தானாம். "குடுத்தீங்கன்னா நானே முடிச்சுருவேனுங்கம்மா."

அம்மாவாம். நான் பெற்றது ஒன்று. அது காய்ச்சலில் போய் மூன்று மாதம். இவளை யார் அப்படிக் கூப்பிடச் சொன்னது?

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

லேப்டாப் பீரோவில், அவன் சட்டைகளுக்கு அடியில். எனக்குத் திறக்கத் தெரியாது. எட்டாவதோடு நின்றவள். அவளுக்குப் பாஸ்வேர்டு தெரியுமாம். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலில் கூட்டம். இந்த வருஷம் புது தர்மகர்த்தா எடுக்கிறார்கள். பழைய அம்பத்தூர்க் குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீட்டுக்காரர் இருந்தவரை அவர் போனார். அப்புறம் சரவணன்.

கோயில் நோட்டு எழுதுகிற ஏகாம்பரம் மாமா என் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார். "தப்பா நெனைக்காதம்மா. உன் ஊட்டுப் பேர இந்த வாட்டி எழுதல. ஆம்பள இல்லாத ஊட்டுக்கு ஓட்டு கெடையாதே. சுண்டலு மட்டும் கரெக்டா வந்துரும்."

"சுண்டலு கடையிலயே கெடைக்குது மாமா."

போய்விட்டார். எதிர்வீட்டில் மூன்று பிள்ளைகளும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பார்க்கக்கூடாது என்று உள்ளே வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சாப்பிடவில்லை.

ஜூலை 9, புதன்

ரம்யா வந்தாள். லீவு போட்டுவிட்டு பஸ்ஸில். நேந்திரம் சிப்ஸ் ஒரு பாக்கெட். ஒல்லி. நான் நினைத்த அளவு அழகில்லை.

"கொண்டு போவாத. இங்கியே தொறந்து காட்டு."

அவள் விரல் தானாகப் போய்த் தட்டியது. திறந்துகொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பரவாயில்லை, பொறுமையாகத்தான் சொன்னாள். ராஜா செத்தால் அவன் மகன் தானாக ராஜா ஆக முடியாது. ஏழு பிரபுக்கள் கூடி ஓட்டுப் போட வேண்டும். ஒவ்வொருவனும் ராஜாவாக நிற்பவனிடம் ஒன்று கேட்பான். ஒருவன் கோட்டை, ஒருவன் சுங்கம், ஒருவன் தன் தங்கைக்குக் கல்யாணம். சரி சரி என்றால் ஓட்டு விழும். ஆனால் ஒவ்வொரு சரிக்கும் மேலே உள்ள மஞ்சள் கோடு குறையும். அதுதான் ராஜாவின் அதிகாரம். ஏழு பேருக்கும் சரி சொன்னவன் கிரீடம் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான்.

"எங்க புடிச்சான்னே தெரியலைங்கம்மா. புஸ்தகத்துல இருக்கறத விட நல்லாருக்குது. கேட்டா சிரிப்பான்."

எனக்குத் தெரியும். போன தடவை தர்மகர்த்தா ஆனவர் கதை. ஒரு வீட்டுக்கு முதல் மரியாதை, ஒரு வீட்டுக்குக் கரகம், ஒரு வீட்டுக்கு மைக்செட். எல்லாருக்கும் தலையாட்டி ஜெயித்தார். கடைசியில் பந்தல்கால் எங்கே நடுவது என்று சொல்லக்கூட அவருக்கு வாய் இல்லை. தோசை போட்டுக்கொண்டே நான்தான் சொன்னேன். சரவணன் புரையேறச் சிரித்தான். போனில் ஏதோ எழுதிக்கொண்டான்.

ரம்யாவிடம் சொல்லவில்லை. இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

பிறகு ஓர் இடத்தில் கேம் நின்றுவிட்டது. ஒரு பிரபு செத்துப்போனான், பிள்ளை இல்லை. அவன் ஓட்டு யாருக்கு என்று அதற்குத் தெரியவில்லை.

"ராஜாவுக்கே குடுத்தரலாம்னு சொன்னனுங்க. அப்பத்தான் அந்தக் காலத்துல நெசமா நடந்தது மாதிரி இருக்கும்னு. அவன்தான், 'இரு, ஊட்ல கேட்டுட்டு சொல்றேன்'னான். கேமுக்கு ஊட்ல என்னத்தைக் கேக்கறது? அடுத்த நாளே காய்ச்சல்."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். டீ போடுவதாகச் சொல்லி. பால் பொங்கி வழிந்தது.

அவள் ஆறு மணிக்குப் போனாள். லேப்டாப் இங்கேயே.

ஜூலை 10, வியாழன்

கோயில் ஸ்பீக்கரில் புது தர்மகர்த்தா பேர். காது கொடுக்கவில்லை.

கீரை ஆய்ந்தேன், பாதியில் வைத்துவிட்டு நானே போன் போட்டேன்.

"அந்த செத்துப்போன பிரபு ஊட்ல அம்மாக்காரி கீறாளா?"

"இருப்பாங்க. எழுதல, ஆனா வெச்சுக்கலாமுங்க."

"அப்ப ஓட்ட அவகிட்ட குடு."

"அவன் ஊட்ல கேக்கறேன்னது உங்களத்தானுங்களாம்மா?" என்றாள். நான் கீரையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டேன். அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

"ஆனா ஓட்டுப் போடறவங்க எல்லாரும் ராஜாகிட்ட ஒண்ணு கேக்கணும்மா. அவங்க என்ன கேப்பாங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டா. எத்தக் குடுத்து அவள வாங்குவான்?"

எழுதிக்கொள்கிற சத்தம். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள் போல. எனக்குக் கோபம்தான் வந்தது, அவளுக்கு என்ன அழுகை என்று. பிறகு அதுவும் இறங்கிவிட்டது.

சனி, ஞாயிறு இங்கே வந்து செய்யச் சொல்லியிருக்கிறேன். அங்கே வைத்து முடித்தால் அவளுடையதாகிவிடும்.